சௌந்தர் அண்ணன் மேல் விரித்த சட்டை

செவ்வாய்க்கிழமை காலை சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது லூர்து போன் செய்தான். எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் எல்லாச் செய்தியும் முதலில் அவனுக்குத்தான் தெரியும். நல்ல செய்தி என்றால் கத்துவான். அன்று கத்தவில்லை.

"சௌந்தர் அண்ணன் போயிட்டாருப்பா. விடியக்காலம், தூக்கத்துலயே. ஆஸ்பத்திரிக்குக்கூட எடுத்துனு போகல."

"நேத்து சாயங்காலம்கூட கடையில பாத்தேனே" என்றேன். சாவுச் செய்தி கேட்டவர்கள் எல்லோரும் சொல்கிற அதே அசட்டு வாக்கியம். நேற்றுப் பார்த்துவிட்டால் இன்று சாகக் கூடாது என்று ஏதோ சட்டம் இருப்பதுபோல.

முத்தியால்பேட்டைக்காரர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். ஆனால் கடையில் மட்டும் அவரைப் பார்த்தவர்கள் நான் இனி எழுதப்போவதை நம்பமாட்டார்கள். கடையில் அவர் வாயிலிருந்து வருவது "எத்தன காப்பி?", "ரெண்டு பக்கமுமா?" இவ்வளவுதான். நானே பல வருஷம் அவரை உம்மணாமூஞ்சி என்று நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் எங்கள் கூட்டத்தோடு தம் பழைய சைக்கிளில் வந்து சேர்ந்துகொண்டார். கடற்கரைச் சாலை வருவதற்குள் எங்கள் யாருக்கும் பேச இடம் கிடைக்கவில்லை.

நாங்கள் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை கிலோமீட்டர், எதிர்க்காற்று எப்படி, எவ்வளவு வேகம் என்று பார்ப்போம். கையில் கட்டிய கடிகாரம் இதயத்துடிப்பு முதற்கொண்டு சொல்லும். அண்ணனுக்கு இதெல்லாம் வேடிக்கை. "நின்னு பேச ஆளு இல்லாத ரூட்டு இன்னா ரூட்டு?" என்பார். ஈ.சி.ஆர். பக்கம் போகலாம் என்றால் முகத்தைச் சுளிப்பார். "அங்க லாரிதான் பேசும்." அவருக்குப் பிடித்த வழி வைத்திக்குப்பத்தில் நுழைந்து, கடலோரமாகவே தெற்கே போய், பாலம் தாண்டி அரியாங்குப்பம், அங்கிருந்து வீராம்பட்டினம். அந்த வழியில் பத்தடிக்கு ஒருவர் அவரை நிறுத்துவார்கள். யாரும் நிறுத்தாவிட்டால் அவரே நின்றுவிடுவார்.

வைத்திக்குப்பத்தில் செல்வி என்று ஒரு அம்மாள் மீன் விற்பார். ஒரு நாள் அண்ணன் அங்கே இறங்கிப் பேச ஆரம்பித்தார். நாங்கள் ஹெல்மெட்டோடு படகுகளுக்கு நடுவில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தோம். செல்வியின் மகள் நர்ஸிங்கா, பி.காமா என்பதுதான் பிரச்சினை. நான் பொறுமை இழந்து, "அண்ணே, வெயில் ஏறுது, பிரேக் போட்டது போதும்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்து, "நீ போயி பீச்ச ஒரு சுத்து சுத்திட்டு வா, அதுக்குள்ள இந்தப் பொண்ணுக்கு ஒரு வழி பண்ணிடறேன்" என்றார். செல்வி சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்து ஒரு சங்கரா மீன் கீழே விழுந்தது. அந்தப் பெண் இப்போது நர்ஸிங் படிக்கிறாள்.

இனி பீர் கதைக்கு வருகிறேன். அதை எழுதாமல் தப்பிக்க முடியாது.

சைக்கிள் விட்டு வந்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, பதினொரு மணிவாக்கில் நாங்கள் ஓர் இடத்தில் கூடுவோம். அங்கேயே பீர் காய்ச்சித் தருகிற இடம். கிராஃப்ட் பீர் என்று வாசலில் பலகை இருக்கும். தெருவுக்குத் தெரு பீர் மலிவாகக் கிடைக்கிற ஊரில், இதற்குப் போய் இவ்வளவு கொடுக்கிறீர்களே என்று எங்கள் வீடுகளில் திட்டு விழும். அண்ணனும் வருவார். வந்து லைம் சோடா சொல்வார். பீர் ஒரு துளிகூடக் குடித்ததில்லை. மகள் பிறந்த வருஷம் மனைவி கேட்டுக்கொண்டதற்காகக் குடியை விட்டவர். "கொழந்த தலையில கைய வச்சி சத்தியம் பண்ணச் சொன்னா. பண்ணிட்டேன். அப்புறம் இன்னா?" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

ஆனால் வாசனை பிடிப்பார். எங்கள் கிளாஸ் ஒவ்வொன்றையும் வாங்கி மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடித் தீர்ப்புச் சொல்வார். "கோதும பீர்னா வாழப்பழ வாசம் வரணும். இதுல ரேஷன் கட வாசம் வருது." லூர்து பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின் மகன், பாரிசில் குடித்தவன் என்ற தோரணை அவனுக்கு உண்டு. அண்ணனோடு வாதாடுவான். குடிக்காத மனிதரிடம் குடிக்கிறவன் தோற்பதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். வீட்டில் அவர் "சைக்கிள் பசங்களோட போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எங்கே என்று சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அந்த பீர் கடைக்காரர் போன வருஷம் எங்களுக்கு ஜெர்ஸி அடித்துக் கொடுத்தார். மஞ்சள் நிறம், முதுகில் நுரை பொங்கும் பெரிய கிளாஸ், அதற்குக் கீழே இரண்டு சக்கரமும் எங்கள் குழுவின் பெயரும். எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. அண்ணன் வாங்க மறுத்துவிட்டார். "முதுகுல கிளாஸ மாட்டிக்கினு எங்க தெருவுல நான் எப்பிடிப்பா வர்றது? நீங்க போட்டுக்குங்க" என்று சொல்லித் தம் வெள்ளை முழுக்கைச் சட்டையிலேயே வந்தார். அவருக்கென்று அடித்தது உறை பிரிக்காமல் என் பீரோவில் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் என்ன செய்தோம் தெரியுமா? எல்லோரும் ஜெர்ஸி போட்டுக்கொண்டு போனோம். யோசனை என்னுடையது. குழுவில் ஒருவர் இறந்தால் எல்லோரும் ஒரே உடையில் போய் மரியாதை செய்வதை போனில் எங்கோ பார்த்திருந்தேன். "அண்ணனுக்கு நாம கெத்தா ஒண்ணு செய்யணும்" என்று நான்தான் வாட்ஸப் குழுவில் எழுதினேன். எல்லோரும் கும்பிடு போட்டு ஒப்புக்கொண்டார்கள். வரிசையாக சைக்கிளில் போய்ச் சாவு வீட்டு வாசலில் இறங்கினோம். மஞ்சள் ஜெர்ஸியும் இறுக்கிப் பிடித்த அரைக்கால் சட்டையுமாக இறங்கிய எங்களைப் பார்த்து, பறை அடிப்பவர்களே ஒரு கணம் நிறுத்திவிட்டார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அண்ணன் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். நான் மாலையோடு அவருடைய ஜெர்ஸியையும் கொண்டுபோயிருந்தேன். தேசியக்கொடி போர்த்துவதுபோல அதைக் கண்ணாடி மேல் விரித்தேன். குழுவின் பெயர் தெரியட்டும் என்று முதுகுப்பக்கம் மேலே வரும்படி விரித்தேன். அண்ணன் நெஞ்சுக்கு நேராக நுரை பொங்கும் கிளாஸ் வந்து நின்றது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தார். சட்டையைப் பார்த்தார். பிறகு மாலை போட்டுவிட்டுத் திரும்பிய எங்கள் ஆட்களின் முதுகுகளைப் பார்த்தார்.

"இது இன்னாதுப்பா?"

அவர் அந்தக் கிளாஸ் படத்தின் மேல் விரலை வைத்தார். "விட்டுட்டன்னு சொன்னாரே. எம் பொண்ணு தலையில அடிச்சி சொன்னாரே."

லூர்துதான் வாயைத் திறந்தான். "அண்ணி, அண்ணன் அங்க வந்து சோடாதான் குடிப்பாரு. சத்தியமா." அண்ணியின் தம்பி அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார். "குடிக்கிறவன் எல்லாம் சோடான்னுதான்யா சொல்லுவான். எழவு வூட்டுக்குக் கம்பெனி விளம்பரத்தப் போட்டுக்கினு வந்துட்டு, பேச்சு வேறயா? வெளிய நில்லுங்க."

வெளியே நின்றோம். அண்ணியின் அழுகை அதற்குப் பிறகு மாறிவிட்டது. போன மனிதருக்காக அழுதவர், ஏமாற்றிய மனிதருக்காக அழ ஆரம்பித்தார். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனிதரைக் கடைசி நாளில் குடிகாரராக்கிவிட்டோம். அவர் எழுந்துவந்து இல்லை என்று சொல்ல வழியும் இல்லை. தூக்கும்போது தோள் கொடுக்கப் போனேன். அண்ணியின் தம்பி கையால் தடுத்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். சுடுகாடு வரைக்கும் கூட்டத்தின் கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். டீக்கடையில் நின்றவர்கள் எங்கள் முதுகைக் காட்டிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் இருந்தது.

காரியம் முடியும் வரை அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. முடிந்த மறுநாள் வெள்ளைச் சட்டை, வேட்டியில் தனியாகப் போனேன். எப்படியாவது அண்ணன் பெயரைத் துடைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது. அண்ணி உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். அதுவே பெரிய விஷயம். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சோடாவைச் சொன்னேன், வாசனை பிடித்ததைச் சொன்னேன், ஜெர்ஸியை வேண்டாம் என்று மறுத்ததைச் சொன்னேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். உடல் கொஞ்சம் தளர்ந்தது.

"அப்ப எதுக்குப்பா அங்க வந்தாரு?"

"பேசறதுக்கு அண்ணி" என்றேன். எனக்கு ஒரே உற்சாகம். "பதினொரு மணிக்கு உக்காந்தாருன்னா ரெண்டு மணி வரைக்கும் பேசுவாரு. நாங்க வாயப் பொளந்துக்கினு கேட்டுட்டு இருப்போம்."

"யாரு? இவரா?"

"ஆமா அண்ணி."

அண்ணி சுவரில் மாட்டியிருந்த படத்தை ஒருமுறை பார்த்தார். "சாப்பாடு போட்டா போதும்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டாருப்பா. கையத்தான் காட்டுவாரு. சுபாவமே அதுதான்னு விட்டுட்டேன்." என் பக்கம் திரும்பிக் கேட்டார். "எதப் பத்திப் பேசுவாரு?"

சொன்னேன். செல்வியின் மகள் நர்ஸிங் சேர்ந்த கதை, எந்தத் தெருவில் எந்த வீட்டை இடித்து ஓட்டல் கட்டப்போகிறார்கள் என்பது, ரேஷன் கடை வாசம். சின்ன வயதில் மில்லுக்குப் போகிறவர்களோடு போட்டி போட்டு சைக்கிள் விட்டு வாய்க்காலில் விழுந்ததைச் சொன்னபோது அண்ணி சிரித்துவிட்டார். "இது எனக்குத் தெரியாதே" என்றார். அடுத்ததற்கும் அதையே சொன்னார். பக்கத்து வீட்டில் குடியிருந்த யாரையோ பற்றிக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. வாயை மூடினேன்.

"குடிச்சிருந்தாக்கூடப் பரவால்லப்பா" என்றார் அண்ணி. டீ போட உள்ளே போய்விட்டார்.

அண்ணனைத் தெரிந்தவர்களிடம் அவருடைய ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்கும். என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய பேச்சு. இத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளின் பேச்சு, குரலோடு அப்படியே இருக்கிறது. அது அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டியது. எல்லா வாரமும் ஒரு மணி ஆனால் அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளி, "வீட்ல சோறு ஆறிடும்ப்பா, காத்துக்கினு இருப்பா" என்று எழுந்திருப்பார். "இன்னும் கொஞ்ச நேரம்ணே" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தவன் நான்.