முன்வாசல் வழியாக

எனக்கு எதையும் திட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டும். பள்ளியில் ஆசிரியையாக இருந்த காலம் முழுக்கச் சுற்றுலா என்றால் என் தலையில்தான் கட்டுவார்கள். பதறாத காரியம் சிதறாது என்று சொல்லிச் சொல்லியே பேர் வாங்கியவள் நான். இப்போது யாராவது அதைச் சொன்னால் எரிச்சலாக வருகிறது.

அந்தப் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தவள் ஒருத்தி எனக்குத் தங்கை மாதிரி. அவள் பீர்க்கன்கரணை, நான் இரும்புலியூர், இரண்டும் தாம்பரத்தை ஒட்டி. ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலம் ஏரிக்கரையில் சேர்ந்து நடப்போம். எழும்பூர் பக்கம் ஒரு பழைய வக்கீல் பங்களாவை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்களாம் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் நின்றுவிட்டாள். அவளுடைய அம்மா அந்த வீட்டில்தான் சமையல் வேலை பார்த்தாராம்.

"சின்ன வயசுல நானும் கூடப் போவேன்க்கா. பின்பக்க கேட்டுதான். முன்வாசல மிதிச்சதே இல்ல. அங்க வர்றவங்களை வாங்க, வாங்கன்னு கூப்பிடுறது சமையல்கட்டு வரைக்கும் கேட்கும். ஒரு தடவை டிக்கெட் எடுத்துட்டு, அந்த முன்வாசல் வழியா உள்ள போகணும்க்கா."

"போலாம்டி. ஆனா ஒழுங்கா பிளான் பண்ணிப் போவோம்" என்றேன்.

பண்ணினேன். கத்திரி வெயில் போகட்டும் என்றேன். அது போனதும் என் பேத்திக்குக் காதுகுத்து. அது முடிவதற்குள் மழை. எங்கள் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஏரி நிரம்பினால் தெருவும் ஏரிதான். பிறகு, கிறிஸ்துமஸ் முடியட்டும், உனக்குச் சர்ச் வேலை இருக்குமே என்றேன். அதற்கப்புறம் அவளுக்கு முழங்கால் வலி. குறையட்டும் என்று தள்ளிப்போட்டதும் நான்தான். "நீங்க சொல்ற அன்னிக்குப் போலாம்க்கா" என்பாள். என்னோடு ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம் அவள்.

ஒருவழியாக ஒரு புதன்கிழமை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். புளிசாதம், தண்ணீர் பாட்டில், அவள் காலுக்குத் தைலம், எல்லாம் என் பையில். அவள் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். "மியூசியத்துக்கு யாருடி பட்டு கட்டுவா?" என்று கிண்டல் செய்தேன். சிரித்துக்கொண்டாள்.

கேட்டிலேயே காவலாளி கை காட்டி நிறுத்தினார். "முன்னாடி போர்டிகோ விரிசல் வுட்டுகினு கீதும்மா. போன மழையோட மூடிட்டாங்க. பின்னால போங்க, அங்கதான் டிக்கெட்டு."

"அதுக்கு முன்னாடி?" என்றேன்.

"அதுக்கு முன்னாடி எல்லாரும் இந்த முன்வாசல் வழியாத்தான் போனாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு நிமிஷம் திறந்துவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று அவரிடம் கத்தினேன். அவர் என்ன செய்வார், பாவம். மழைக்கு முன்னால் எத்தனையோ நாள் இருந்தது, அதையெல்லாம் தின்று தீர்த்தவள் நான். "விடுங்கக்கா" என்று அவள்தான் என் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனாள். வழி அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

உள்ளே போனதும் சமையல்கட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நேராகக் கூடத்தைத் தாண்டி முன்கதவுக்குப் போனாள். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டு தொங்கியது. அந்தக் கதவில் முதுகு படும்படி, கூடத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். புடவைக் கொசுவத்தை நீவிவிட்டுக்கொண்டாள்.

"இப்பதான் வர்றேன்னு வச்சுக்கோங்க" என்றாள்.

நான் பையும் கையுமாகக் கூடத்தின் நடுவில் நின்றேன். இத்தனை வருஷமும் அவளை வாடி, போடி என்றே கூப்பிட்டுப் பழகியவள் நான்.

"வாங்க" என்றேன். "உள்ள வாங்க."

அவள் வலது காலை எடுத்து வைத்தாள்.