கறிச் சட்டியில் சைவ மட்டன்

என் மகள் கறி சாப்பிடுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. காரணம் கேட்டபோது பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. "பிடிக்கலப்பா, விட்டுட்டேன்" என்றாள், அவ்வளவுதான். நான் சிகரெட்டை விடுவதற்கு ஏழு வருஷமும் எட்டு அறிவிப்பும் எடுத்துக்கொண்டவன். அவள் ஆட்டையும் கோழியையும் மீனையும் ஒரே வாக்கியத்தில் விட்டதைப் பார்த்து எனக்குப் பெருமையாகவும், கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். எங்களுடையது விவசாயக் குடும்பம். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலுக்கு வந்தபோது நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம், மாட்டை விற்றோம், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டோம். அன்று மத்தியானம் நானும் என் மனைவியும் கூடத்தில் குழம்போடு உட்காருவோம். மகள் தன் தட்டில் ரசம் சாதத்தைப் போட்டுக்கொண்டு உள்ரூமுக்குப் போய்விடுவாள். கதவைச் சாத்தும் சத்தம்கூடக் கேட்காது. புரட்டாசியில் மட்டும்தான் மூன்று பேரும் ஒரே குழம்பு. பெருமாளின் தயவு.

இந்த மாசியில் அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. கிளம்ப நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பாக்கி. அதற்குள் ஒரு ஞாயிறாவது மூன்று பேரும் ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. உரக்கச் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. நீயும் அன்றைக்கு ரசம் சாப்பிட்டுவிட்டுப் போயேன் என்று நீங்கள் கேட்கலாம். தயவுசெய்து கேட்காதீர்கள்.

கறியே இல்லாத கறிக்குழம்பு. அதுதான் என் திட்டம்.

முதல் ஞாயிறு மளிகைக் கடை மீல்மேக்கரில் தொடங்கினேன். வெந்நீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிய வேண்டும் என்று போனில் பார்த்த சமையல் வீடியோவில் ஒரு அம்மாள் விளக்கியிருந்தார். ஊறவைத்தேன். பிழிவதில் எனக்கு அனுபவம் கம்மி. குழம்பைக் கொதிக்கவைத்து இறக்கியதும் என் மனைவி ஓர் உருண்டையைக் கடித்தாள். உள்ளேயிருந்து தண்ணீர் பீய்ச்சி அவள் கன்னத்தில் அடித்தது.

"ஏங்க, இது திங்கறதா, பாத்திரம் தேக்கறதா?"

மகள் ஓர் உருண்டையை மென்றாள். வெகுநேரம் மென்றாள். "சாரிப்பா. நாலு வருஷம் ஹாஸ்டல்ல இதத்தான் போட்டாங்க" என்று சொல்லிவிட்டு ரசத்தோடு உள்ளே போனாள்.

இரண்டாவது ஞாயிறு கீழ்பென்னாத்தூரில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் மட்டன் பிரியாணி. அதைப் பற்றி மேலும் எழுதினால் என் லட்சியத்தின் மேல் உங்களுக்குச் சந்தேகம் வரும்.

மூன்றாவது ஞாயிறு காலையில் செங்கம் ரோட்டுக்குப் போனேன். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கென்றே சில கடைகள் உண்டு. நமக்குப் பெயர் தெரியாத விதைகளை ஜாடியில் போட்டு வைத்திருப்பார்கள். அதில் ஒரு கடையின் ஃப்ரீசரில் சைவ மட்டன், சைவக் கோழி, சைவ மீன் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. சைவ மட்டன் பாக்கெட்டில் எலும்போடு கூடிய ஒரு கறித்துண்டின் படம். எலும்பும் சைவம்தானா என்று கண்ணாடியைப் போட்டுப் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். சோயா, கோதுமைப் புரதம், பிறகு விஞ்ஞானப் பாடத்தில் நான் தோற்ற சில வார்த்தைகள்.

பக்கத்தில் காட்டன் புடவை கட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாள் நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும்.

"அது வேணாங்கண்ணா, ரப்பர் மாதிரி இருக்கும்" என்றார் சுத்தமான திருவண்ணாமலைத் தமிழில். "இத எடுங்க. மசாலா நல்லாப் புடிக்கும். ஆனா ஜாஸ்தி வேக வக்காதீங்க, கரைஞ்சிடும்."

கறிக்குழம்பு வைப்பதற்கு எனக்கு ஒரு வெளிநாட்டு அம்மாள் பக்குவம் சொல்லும் நிலைமை வந்துவிட்டதை எண்ணியபடி அவர் காட்டியதில் இரண்டு பாக்கெட் வாங்கினேன். அதன் மேலும் அதே மாதிரி ஓர் எலும்புப் படம்தான்.

கடையை விட்டு வெளியே வந்த பிறகுதான் அன்று பௌர்ணமி என்பது உறைத்தது. வெயிலுக்கு முன்பே கிரிவலம் போகிறவர்கள் ரோட்டை நிறைத்திருந்தார்கள். வண்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த போலீஸ்காரர் என் ஸ்கூட்டரையும் நிறுத்தினார். தடுப்பைத் தாண்ட விடவேண்டும், பையில் இருப்பது உருகிக்கொண்டிருக்கிறது என்று கெஞ்சினேன்.

"அப்படி என்ன சார் உருகுது?"

நான் பொய் சொல்லத் தெரியாதவன். அவசரத்தில் உண்மையும் சரியாக வராது. "மட்டன்" என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்த நான்கு பேர் நின்றுவிட்டார்கள். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பௌர்ணமி அன்னிக்கு, மலை சுத்தற ரோட்ல, மட்டனா சார்?"

"சைவ மட்டன்ங்க."

அவர் பையைத் திறந்து பார்த்தார். எலும்புப் படம் அவரைப் பார்த்தது. பச்சைப் புள்ளியைத் தொட்டுக் காட்டினேன். சோயா, கோதுமை என்று ஒப்பித்தேன். எலும்புக்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை. அவர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, "வண்டிய ஓரமாப் போட்டுட்டு நடந்து போங்க சார். புண்ணியமாவது கெடைக்கும்" என்றார். கால்வாசிக் கிரிவலம் நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது சட்டை ஒரு பக்கம் வேர்வையிலும் மறுபக்கம் சைவ மட்டனிலும் நனைந்திருந்தது. ஒரு பாக்கெட்டை ஃப்ரீசரில் போட்டேன். இன்னொன்றைச் சமைக்கத் தயாரானேன். மனைவி மொட்டை மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்தாள். சமையலறை முழுக்க என் ராஜ்ஜியம்.

எங்கள் வீட்டில் கறிக்கென்று தனியாக ஒரு மண்சட்டி உண்டு. மற்ற பாத்திரங்களோடு சேராமல் கீழ் அலமாரியில் தனிக்குடித்தனம் நடத்தும். புரட்டாசிக்குப் பரணில் ஏறி, ஐப்பசியில் இறங்கும். பதினைந்து வருஷக் குழம்பு ஊறிய சட்டி. சோயாவுக்குச் சொந்த வாசம் கிடையாது, அந்தச் சட்டியில் வைத்தால் கொஞ்சம் கடனாகக் கிடைக்குமே என்று எனக்குத் தோன்றியது. இப்படி ஒரு யோசனை வந்த நாள்களில் நான் எப்போதும் கொஞ்சம் நடுங்க வேண்டும். அன்று பெருமைப்பட்டேன்.

குழம்பு அபாரமாக வந்தது. வாசம் பிடித்து மகளே உள்ரூமிலிருந்து வந்துவிட்டாள். பாக்கெட்டைக் காட்டினேன். கூடத்தில் தட்டைப் போட்டு உட்கார்ந்தாள். புரட்டாசி அல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில், இரண்டு வருஷம் கழித்து. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மிளகாய் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு துண்டைப் பிய்த்தாள். "நார் நாரா வருதுப்பா! நெஜமாவே கறி இல்லல்ல?" என்று சிரித்துக்கொண்டே வாய் வரைக்கும் கொண்டுபோனாள். அதற்குள் நான் இரண்டாவது கரண்டி பரிமாறுவதற்காகச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் கை நின்றது.

"இது கறிச் சட்டிதானே?"

"நல்லாத் தேச்சுட்டுதாம்மா வச்சேன்."

துண்டைத் தட்டிலேயே வைத்தாள். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. மெதுவாகத்தான் சொன்னாள். "ரெண்டு வருஷமா அந்த அலமாரியவே நான் தொடறதில்லப்பா. நீ பாத்ததே இல்லையா?"

பார்த்ததே இல்லை. அவள் கையைக் கழுவிக்கொண்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தயிர்ச் சோற்றோடு உள்ளே போனாள். அந்தத் தட்டல்தான் ஜாஸ்தி வலித்தது.

மாடியிலிருந்து இறங்கி வந்து எல்லாவற்றையும் நின்று பார்த்த என் மனைவி பிடித்துக்கொண்டாள். "பாக்கெட்டு பின்னாடி எழுதினத கண்ணாடி போட்டுப் படிக்கத் தெரியுது. பெத்த பொண்ணு எதத் தொடறா, எதத் தொடலன்னு பாக்கத் தெரியலையா? ஒரே சட்டியில சாப்பிடணும்னா மொதல்ல சட்டியப் பாக்கணும்ங்க."

நான் யாரிடமும் சொல்லாத ஆசை இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க அது நேரமில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் என் மனைவியே போய் ஒரு புது மண்சட்டி வாங்கி வந்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டாள், இரண்டு நாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வைத்தாள், பிறகு கஞ்சித் தண்ணீரைக் கொதிக்கவிட்டு வடித்தாள். மகள் தினமும் அதைத் தாண்டிப் போனாள், வந்தாள். வியாழக்கிழமை அவளே கஞ்சியைக் கிளறிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். இந்த முறை பார்த்தேன்.

கடைசி ஞாயிறு. ஃப்ரீசரிலிருந்த இரண்டாவது பாக்கெட். மகள் மிக்சியில் மசாலா அரைத்தாள், மனைவி அடுப்பில் நின்றாள், எனக்குச் சின்ன வெங்காயம் உரிக்கும் இலாகா ஒதுக்கப்பட்டது. அழுவதற்கு இதைவிடக் கௌரவமான காரணம் உலகத்தில் கிடையாது.

"ஜாஸ்தி வேக விடாத, கரைஞ்சிடுமாம்" என்றேன்.

"யாரு சொன்னா?"

"ஒரு வெள்ளைக்கார அம்மா."

"அப்போ அவங்களையே வந்து வக்கச் சொல்லுங்க" என்று சொன்னாலும், உடனே அடுப்பைக் குறைத்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புதுச் சட்டியில் அது கறி மாதிரி இல்லை. மண் வாசம், இஞ்சி வாசம், நடுவில் எங்கேயோ கோதுமை. "கறி மாதிரியே இல்ல" என்று முதலில் அறிவித்த என் மனைவி மூன்றாவது முறையாகச் சோறு போட்டுக்கொண்டாள். மகள் காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உப்பு கம்மிம்மா, ஆனா சூப்பரு" என்றாள். என் தீர்ப்பு மட்டும் தாமதமானது. வாய் வேலையாக இருந்தது.

குழம்பு தீர்ந்ததும் மனைவி பழக்கத்தில் அடிச்சட்டியில் இரண்டு கரண்டி சோற்றைப் போட்டு, ஒட்டியிருந்த மசாலாவையெல்லாம் வழித்துப் பிசைந்தாள். எங்கள் பக்கத்தில் இந்தச் சட்டிச் சோற்றை உருண்டை பிடித்துக் கையில்தான் கொடுப்பார்கள். முதல் உருண்டை எப்போதும் எனக்கு. நான் கையை நீட்டினேன். அதற்கு முன்பே அங்கே வேறொரு கை இருந்தது.

"வரிசையில வாப்பா" என்றாள் மகள், வாய் நிறைய.