கைநோவுக்கு நடந்த ஜெபம்

கட்டி வந்தது என் இடது மார்பில். ஜெபக்குழுவுக்கு என் கணவர் அறிவித்ததோ இடது கையில் நோவு என்று.

"வேற என்னெண்டப்பா சொல்லுறது? பாஸ்டரும் இருக்கிறார்," என்றார். கடவுள் படைத்த உறுப்புத்தான். அவரிடமே பெயர் சொல்லிக் கேட்க முடியாது. மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வீட்டில் பத்துப் பேர் கூடி என் கைக்காக உருகி ஜெபித்தார்கள். நகரின் மறுகோடியில் இருக்கும் பக்குரங்காவிலிருந்து வந்த அக்கா ஒருவர் கையைத் தைலம் போட்டுத் தேய்த்தும் விட்டார். நான் புற்றுநோயோ என்ற பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன். கைக்கு ஒரு குறையும் இல்லை.

மருத்துவமனையில் ஊசியால் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. புற்றுநோய் இல்லை, நாட்பட்ட அழற்சி என்று டாக்டர் சொன்னதும் அங்கேயே அழுதுவிட்டேன். ஏன் வந்தது என்று கேட்டேன். புகைப்பீர்களா என்று மூன்றாம் முறையும் கேட்டார். புகைக்கும் சிலருக்கு இப்படி வருமாம். டோஸ்டரில் பாண் கருகும் புகை தவிர வேறு புகை அறியாதவள் நான். பால் கொடுத்ததாலோ என்றால், கடைசிப் பிள்ளைக்கே ஐந்து வயது. பலருக்குக் காரணம் தெரிவதில்லை என்றார் டாக்டர். அவ்வளவு படித்தவர் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஆட்களில் ஒருவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டி மசியவில்லை. பிறகு ஸ்டீராய்டு, மாதக்கணக்கில். கட்டி மெல்லக் கரைந்தது, முகம் உப்பியது. "நல்லாத் தேறிட்டீர்!" என்று சபையே மகிழ்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கை சுகமானதற்குச் சாட்சி சொல்லும்படி பாஸ்டர் அழைத்தார்.

மைக்கைப் பிடித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கையிலை ஒண்டும் இல்லை. மார்பிலைதான் கட்டி. டாக்டரிட்டைக் காட்டினன், மருந்திலை குறையுது," என்றேன். கணவர் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தார். பாடகர் குழு அடுத்த பாட்டை அவசரமாகத் தொடங்கியது.

ஆராதனை முடிந்து, சபைக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பக்குரங்கா அக்கா பக்கத்தில் வந்து நின்று, குழாயை இன்னும் திறந்துவிட்டார். "எனக்கும் ஒரு கட்டி கிடக்கு, பிள்ளை. நாலு மாசம்," என்றார் மெதுவாக.

"ஏனக்கா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" கத்தியே விட்டேன்.

"என்னெண்டு சொல்லுறது? இந்தச் சபையிலை ஆருக்கும் கைகால் நோவைத் தவிர வேற வருத்தம் வந்ததில்லையே."