இரண்டு மணிச் சங்கு

சங்கமித்ரா சிஸ்டருக்கு மழுப்பல் பிடிக்காது. பக்கவாதம் என்று யார் வந்தாலும் முதலில், "எத்தினி மணிக்கு இழுத்துக்கிச்சு?" என்பார். கோலார் தங்கவயலின் நான்கு ஆஸ்பத்திரிகளும் சிகிச்சைத் தாமதத்தைக் குறைக்க ஒரே படிவம் வைத்திருந்தன. அதில் நேரம் காலியாக இருந்தால், அடுத்த ஆஸ்பத்திரிக்கே போய்ச் சண்டை போடுவார்.

இந்த ஊரில் யார் கடிகாரம் பார்த்தார்கள்? "ஷிப்ட் சங்கு ஊதறப்போ" என்பார்கள். தங்கச் சுரங்கத்தில் மதிய ஷிப்டுக்கு இரண்டு மணிக்குச் சங்கு ஊதும்; சிஸ்டர் இரண்டு மணி என்று எழுதிக்கொள்வார்.

2001 பிப்ரவரியோடு சுரங்கத்தை மூடினார்கள். சங்கும் நின்றது. ஏப்ரலில், சுரங்கத்தில் வேலை பார்த்த ரத்தினத்தை அவர் மனைவி கூட்டிவந்தார்.

"சங்கு ஊதறப்போ சிஸ்டர்."

"இன்னாம்மா பேசற? இப்போ ஏது சங்கு?"

"எனக்குக் கேக்கல. அவருதான் சங்கு ஊதுது, ஷிப்டுக்குப் போவணும்னு எழுந்தாரு. அப்பவே வாய் கோணிடுச்சு."

சிஸ்டர் மற்ற ஆஸ்பத்திரிப் படிவங்களை வரவழைத்துப் பார்த்தார். அந்த மாதம் மட்டும் ஏழு பேர் சங்கு கேட்டிருந்தார்கள். எரிச்சலோடு எல்லாவற்றையும் அடித்துவிட்டு, 'நேரம் தெரியவில்லை' என்று எழுதினார்.

ஜூனில் ஒரு மதியம், வார்டில் எழுதிக்கொண்டிருந்தவர் தலைநிமிர்ந்தார்.

"நேத்ரா, யாருடி சங்கு ஊதறது?"

இளைய நர்ஸ் நேத்ராவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிஸ்டரின் பேனா நழுவித் தரையில் உருண்டது. வலது கை மேசைமேல் அப்படியே கிடந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி சரியாக இரண்டு.

நேத்ரா கத்திக்கொண்டே டாக்டரைக் கூப்பிட ஓடத் திரும்பினாள். சிஸ்டர் இடது கையால் அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார்.

"மொதல்ல... நேரத்த எழுது," என்று குழறினார்.