பஸ் முழுக்க ஒரே நூல்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதப் பிற்பகல். மன்னார்புரத்தில் இருக்கும் என் அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன். அன்று மாலை என் தங்கை நர்ஸ் வேலைக்காக ஜெர்மனிக்குப் புறப்படுகிறாள். அவளுக்காகப் பின்னிய சிவப்பு மப்ளரில் கடைசிச் சில வரிசைகள் பாக்கி இருந்தன.

ஆமாம், நான் ஆண்தான். லாக்டவுனில் பொழுது போகாமல் தங்கையிடமே கற்றுக்கொண்டது. கொக்கி வைத்த குரோஷா ஊசியும் கம்பளி நூலுமாக நான் பஸ்ஸில் உட்கார்ந்தால், இந்த வெயிலில் மப்ளர் யாருக்கு என்று சிரிக்காத ஆள் கிடையாது. எனக்கும் பஸ் கூட்டம் என்றாலே ஆகாது. இடிக்கவும் காலை மிதிக்கவும்தான் இவர்களுக்குத் தெரியும் என்று முறைத்துக்கொண்டே வருவேன்.

தங்கை பயத்தில் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா அப்பா இல்லாத வீட்டிலிருந்து தனியாகப் போகிற பெண். எனக்குத் தேற்றத் தெரியாது. இதைக் கழுத்தில் போட்டு அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சிவப்பு நூலும் கடையில் தீர்ந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரி மாணவி தன் பையை நீட்டினாள். நிற்பவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கிக்கொள்வது நம் ஊர் வழக்கம்தானே? மடியில் இடம் செய்ய ஊசியை உருவிச் சட்டைப் பையில் செருகினேன். அங்கேதான் தப்பு செய்தேன். குரோஷா பின்னல் முழுவதும் கடைசி ஒரு கண்ணியை நம்பித்தான் நிற்கிறது. ஊசி இல்லாதபோது நூலை இழுத்தால் சரசரவென்று பிரிந்துவிடும்.

சிந்தாமணியில் அவள் பையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். பையின் ஜிப்பில் நூல் மாட்டியிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. நெரிசலில் பஸ் மெல்லக் காவிரிப் பாலத்தில் ஏறும்போது மடியில் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தால், மப்ளர் வரிசை வரிசையாகப் பிரிந்துகொண்டிருக்கிறது! நூல் கூட்டத்துக்குள் புகுந்து படிக்கட்டு வழியாக வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

"நூலு! நூலு!" என்று கத்தினேன். வேறெதுவும் வாயில் வரவில்லை.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். உடனே விசில் அடித்தார். பாலத்தின் மேலேயே பஸ் நின்றது. "யாரும் நகராதீங்க, மிதிச்சிடாதீங்க!" என்றார்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் மெய் சிலிர்க்கிறது. நிற்கவே இடமில்லாத அந்தப் பஸ்ஸில், நூல் போன வழியெல்லாம் ஆட்கள் ஒதுங்கினார்கள். ஆளுக்கொரு விரலால் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். வெளியே அந்த மாணவி, நூல் மாட்டிய பையைத் தலைக்கு மேல் தூக்கியபடி பாலத்தில் ஓடி வந்துகொண்டிருந்தாள். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. பஸ்ஸுக்குள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பக்கத்து சீட்டில் இருந்த பூக்கார அம்மா, பிரிகிற கண்ணியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இத நான் விடமாட்டேன். நீங்க போயி நூலச் சுத்திக்கிட்டு வாங்க தம்பி."

நூலைச் சுற்றிக்கொண்டே கை கையாகத் தாண்டிப் போனேன். நான் வந்து வாங்கும்வரை ஒருவர்கூட விடவில்லை. படிக்கட்டில் அந்த மாணவி ஜிப்பிலிருந்து நூலை எடுத்துத் தந்தாள். எல்லாம் நான் தினமும் முறைக்கிற அதே முகங்கள்!

யாருக்கு என்று கண்டக்டர் கேட்டார். சொன்னேன். "அப்ப இன்னிக்கே முடிக்கணுமேங்க!" என்று என்னைவிட அவர்தான் பதறினார்.

ஒரு சாணுக்கு மேல் பிரிந்திருந்தது. ஸ்ரீரங்கம் வந்தும் முடியவில்லை. வண்டி திரும்பக் கிளம்ப நேரம் இருக்கிறது, உட்கார்ந்து முடித்துவிட்டே போங்கள் என்றார் கண்டக்டர். பூக்கார அம்மாவும் இன்னும் சிலரும் இறங்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி முடிச்சைப் போட்டதும் அந்த அம்மா மப்ளரை வாங்கிக் கண்ணில் ஒற்றித் திருப்பித் தந்தார்.

விமான நிலையத்தில் தங்கையிடம் நடந்ததைச் சொன்னேன். இரண்டு நாளில் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள். மப்ளரில் முகம் புதைத்து, "மல்லிப்பூ வாசம் அடிக்குதுண்ணா" என்றாள். அப்படியே உள்ளே போய்விட்டாள்.

அங்கே பனி கொட்டும்போது அதைப் போட்டுக்கொண்டு படம் அனுப்புவாள். அண்ணன் பின்னியது என்று எல்லாரிடமும் சொல்கிறாளாம். பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால் எனக்கு இன்னமும் சுள்ளென்று கோபம் வருகிறது. ஆனால் நிமிர்ந்து பார்த்ததும், என் தங்கையின் மப்ளரை அன்று விடாமல் பிடித்திருந்த கை இவருடையதாகவும் இருக்கலாம் என்று தோன்றிவிடுகிறது, முறைக்க முடிவதில்லை.