சமாதானக் காசு வின்னி

குப்பைத் தொட்டிகளுக்கும் பின்கதவுக்கும் நடுவில், மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, வின்னி டோனலி நின்றுகொண்டிருக்கிறாள். உள்ளே இருப்பவர்கள் அவளை முன்வாசலில் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். நல்ல மேசைவிரிப்பு போட்டிருப்பார்கள், விருந்துக்கு மட்டும் எடுக்கும் கோப்பைகளைக் கழுவி வைத்திருப்பார்கள். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் சமையலறைப் பக்கம் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துவிட்டுத்தான் எந்தக் கட்டடத்துக்குள்ளும் நுழைவாள். இதில் அவளுக்குக் கூச்சம் துளியும் கிடையாது. "ஒட்டுக் கேக்கத்தான் எனக்குச் சம்பளமே" என்பாள்.

அவள் வேலை இதுதான்: டைரோன் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய், சமாதான நிதியிலிருந்து உதவி கேட்டிருப்பவர்களைப் பார்த்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று அலுவலகத்துக்கு எழுத வேண்டும். எங்கள் பக்கம் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் முப்பது வருஷம் சண்டை நடந்தது. அது ஓய்ந்த பிறகு காசு வந்தது. ஜனங்கள் அதற்குச் 'சமாதானக் காசு' என்று பெயர் வைத்தார்கள், அதைக் கொண்டுவருகிறவளுக்கு 'சமாதானக் காசு வின்னி' என்று வைத்தார்கள். இடிந்த கட்டடத்தை எடுத்துக் கட்டலாம், பட்டறை போடலாம், தோட்டம் வைக்கலாம். ஒரே நிபந்தனை, இரு பக்கத்தாரும் அதைச் சேர்ந்து புழங்க வேண்டும்.

சொல்வது சுலபம். எங்கள் ஊர்களில் எல்லாமே இரண்டு. கசாப்புக் கடை இரண்டு, மருந்துக் கடை இரண்டு, பள்ளிக்கூடம் இரண்டு, சவ அடக்கம் செய்கிறவர்கள்கூட இரண்டு பேர். ஒரே தெருவில் பிறந்து, எதிர்வீட்டுத் தேநீரை ஒருவாய் குடிக்காமலே செத்துப்போக இங்கே எல்லா வசதியும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் காசு என்றதும் தோள்மேல் கை போட்டுப் படம் பிடித்து அனுப்புவார்கள். வின்னி அந்தப் படங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அவளுக்கு வேண்டியது கேலி. ஒருத்தனை ஒருத்தன் வாரிக்கொண்டிருக்கிறானா என்பதைத்தான் குப்பைத் தொட்டியருகே நின்று அவள் கேட்பது. போன வருஷம் ஒரு சைக்கிள் பட்டறையில் இரண்டு கிழவர்கள். ஒருவர் புராட்டஸ்டண்டு, அந்தக் காலத்தில் எல்லைச் சாவடியில் துப்பாக்கியோடு நின்றவர், மற்றவர் கத்தோலிக்கர், அந்தச் சாவடி வழியாக வாரம்தோறும் சாமான் கடத்தியவர்.

"மழையில என்னை இறக்கிவிட்டு டிக்கியை மூணு தடவை தொறக்கவெச்ச ஆளு, ஒரு எண்ணெய் டப்பா மூடியைத் தொறக்கத் தெரியல பாரு."

"டிக்கியைத் தொறந்து என்ன புண்ணியம்? வெண்ணெயெல்லாம் உன் பொண்டாட்டி பாவாடைக்குள்ளல்ல போச்சு."

அன்று சாயங்காலமே வின்னி 'கொடுக்கலாம்' என்று எழுதிவிட்டாள். இன்றைக்கும் அந்தப் பட்டறை ஓடுகிறது, இரண்டு பேரும் அதே மாதிரி சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதற்கு மாறாக, "நீங்க மொதல்ல எடுத்துக்குங்க", "ஐயோ, நீங்க எடுங்க" என்ற பேச்சு காதில் விழுந்தால் வின்னியின் முகம் தொங்கிவிடும். ஒரு கோப்பைத் தேநீரோடு கிளம்பிவிடுவாள். "மரியாதை வந்துருச்சுன்னா மனுசங்க உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்கன்னு அர்த்தம்" என்று காரில் ஏறும்போது சொல்வாள். இந்த விஷயம் ஒருமுறை வெளியே கசிந்து, ஒரு ஊரில் இரு பக்கத்தாரும் உட்கார்ந்து கேலியை ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்கள். வின்னி நுழைந்ததும் ஒரு பெரியவர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிரே இருந்தவரின் மூக்கைப் பற்றி நாலு வரி ஒப்பித்தார். ஒப்பித்து முடித்துவிட்டு, மனசு கேட்காமல் மன்னிப்பும் கேட்டார். பாவம், அந்த ஊருக்குக் காசு போகவில்லை.

காசு கிடைக்காதவர்கள் சும்மா இருப்பார்களா? வின்னி பிறந்தது மொஃபெட் என்ற புராட்டஸ்டண்டு வீட்டில், கட்டிக்கொண்டது கோம் டோனலி என்ற கத்தோலிக்கனை. அதனால் இந்தப் பக்கத்தார் "அவ அவங்க ஆளு" என்பார்கள். அந்தப் பக்கத்தாரும் அதையேதான் சொல்வார்கள். "ரெண்டு பக்கமும் திட்டுதா? அப்ப சரியான எடத்துலதான் நிக்கிறேன்" என்று அவள் அடுத்த ஊருக்கு வண்டியைத் திருப்பிவிடுவாள்.

மரியாதையை அவள் இப்படி வெறுக்கக் காரணம் உண்டு. அவளுக்குப் பதினேழு வயதானபோது, சொந்த ஊரான ட்ரம்னாகல் சந்தைத் தெருவில் ஒரு காரில் குண்டு வெடித்தது. அவளுடைய அண்ணன் ராய், கடைகளுக்கு ரொட்டி வண்டி ஓட்டியவன், அங்கேயே போனான். குண்டு வைத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அதுவரை அவளை 'ஒட்டடைக்குச்சி' என்று கூப்பிட்ட பையன்கள் மறுநாளிலிருந்து வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். கசாப்புக்காரர் கறிக்குக் காசு வாங்கவில்லை. கத்தோலிக்கர்கள் கூனிக் குறுகிப் பேசினார்கள், சொந்த சபைக்காரர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஊரே அவளுக்கு மரியாதை கொடுத்தது, ஒரு ஆள்கூட அவளோடு பழையபடி பேசவில்லை. கல்யாணம் ஆனதும் முதல் வேலையாக ஊரை விட்டாள்.

அந்த ட்ரம்னாகல்லிலிருந்துதான் இந்த வருஷம் ஒரு விண்ணப்பம் வந்தது. சந்தைத் தெருவின் கோடியில், ரயில் நின்றுபோன காலத்திலிருந்து கிடக்கும் சரக்குக் கொட்டகை. அதில் இசபெல் கைல் என்ற ஓய்வுபெற்ற செவிலி மத்தியானச் சாப்பாடு போடுகிறாள். வியாழக்கிழமைதோறும் இரு பக்கத்துக் கிழடுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து சூப்பும் சோடா ரொட்டியும் சாப்பிடுகிறார்கள். எல்லாம் இரண்டாக இருக்கும் அந்த ஊரில் அது ஒன்றுதான் ஒன்று. கூரை ஓட்டை. இந்தக் குளிர்காலத்துக்குள் மாற்றாவிட்டால் இழுத்து மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. நிதியும் இதுதான் கடைசித் தவணை, இதற்குப் பிறகு கேட்க இடமில்லை.

வின்னி தன் மேலதிகாரியிடம் போய், "இந்த ஊருக்கு வேற யாரையாவது அனுப்புங்க. அங்கதான் எங்கண்ணன் செத்தான்" என்றாள். அவர் நல்ல மனிதர். "செத்தவங்க இல்லாத ஆளா பாத்து அனுப்பணும்னா இந்த ஆபீஸ்ல யாரு வின்னி மிஞ்சுவாங்க?" என்றார்.

முதல் தடவை போனாள். பாலத்தைக் கார் தாண்டும்போதே பெட்ரோல் போடுகிறவன் ஃபோனில் சொல்லிவிட்டான். கொட்டகைக்குள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். இரண்டாம் தடவை சொல்லாமல் போனாள், அப்போதும் எழுந்து நின்றார்கள். பின்கட்டில் நின்று கேட்டதில், "ரொட்டி வேணுங்களா", "போதுங்க, நன்றிங்க" என்பதைத் தவிர ஒன்றும் விழவில்லை. வீட்டுக்கு வந்து கோமிடம் புலம்பினாள்.

"அவங்க அப்படி இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியுது, கோம். நான் போறதாலதான் அப்படி ஆயிடுறாங்க. என்னைப் பாத்தா ராய் ஞாபகம் வருது, வாயை மூடிக்கிறாங்க."

"அப்ப கேலியைக் கேட்டேன்னு எழுதிட்டுப் போயேன். கூரை வரட்டும்."

"கேக்காததைக் கேட்டேன்னு எழுதவா? அப்புறம் இத்தனை வருசமா நான் எழுதுனதுக்கெல்லாம் என்ன மதிப்பு?"

எழுதாவிட்டால் கொட்டகை போகும். அதற்குக் காரணம் குண்டும் இல்லை, பகையும் இல்லை, தான்தான் என்று நினைக்கும்போது அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது வியாழக்கிழமை ஒரு தந்திரம் செய்தாள். தன் காரை விட்டுவிட்டு கோமின் வேனை எடுத்துக்கொண்டு போனாள். பெட்ரோல் நிலையத்தில் யாரும் தலை தூக்கவில்லை. எல்லாம் சரியாகத்தான் நடந்தது, கொட்டகை வாசல்வரை. வேன் அவள் கைக்குப் பழக்கமில்லாதது. திருப்பும்போது பின்பக்கம் போய் வாசல் தூணில் இடித்து, தூண் சாய்ந்து, மேலிருந்த கல் உருண்டு ரோட்டுக்கு வந்துவிட்டது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். இருந்தாலும் விடாக்கண்டி, பின்கட்டுக்குப் போய் நின்றாள். கதவு தானாகத் திறந்தது.

"நனையுறீங்களே வின்னி, உள்ள வாங்க" என்றாள் இசபெல்.

அவளுக்கென்று மேசையின் தலைமாட்டில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கொட்டகையிலேயே ஒழுகாத இடம் அது ஒன்றுதான். மற்ற பதினைந்து பேரும் வாளிகளுக்கு நடுவே ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மழை சடசடவென்று வாளிகளில் விழுந்தது. ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கூரையைக் காட்டிக் காசு கேட்பதுகூட மரியாதைக் குறைவு என்று நினைத்தார்களோ என்னவோ. வின்னி பேனாவைத் திறந்து மேசைமேல் வைத்தாள். மாலைக்குள் அறிக்கையை அனுப்பியாக வேண்டும்.

சூப் ஊற்றிக்கொண்டிருந்தவர் யூஜின் ஹேகன், ராயின் வயதுக்காரர், கத்தோலிக்கர். கரண்டியும் கையுமாக ஜன்னல் வழியே சாய்ந்த தூணைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். மறுபடியும் தூணைப் பார்த்தார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை போலிருக்கிறது.

"உங்கண்ணன் ரொட்டி வண்டி எங்க வீட்டு மதிலை மூணு தடவை இடிச்சுது. குடும்பத்துலயே ஒருத்தருக்கும் பின்னாடி கண்ணு கிடையாது போல."

கரண்டிகள் நின்றன. "யூஜின்" என்றாள் இசபெல், தாழ்ந்த குரலில். யூஜினின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

இத்தனை வருஷமாக ராயின் பெயர் 'பாவம்' என்றோ 'தங்கமான பையன்' என்றோ ஒட்டு இல்லாமல் யார் வாயிலும் வந்ததில்லை. ராய் தங்கமானவன் இல்லை. சீட்டாட்டத்தில் ஏமாற்றுவான், பிரசங்கத்தின்போது தூங்குவான், ஒரு கையால் வண்டி ஓட்டிக்கொண்டே மறுகையால் கேக் தின்பான். அந்த ராயைத் தெரிந்த ஒரு ஆள் இந்த ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறான். அவளுக்குச் சந்தோஷத்தில் கோபம்கூட வந்தது.

"உங்க மதில் பாதி ரோட்டுமேல நின்னுச்சு யூஜின். ஊரான் எடத்தை வளைச்சுப் போட்டா வண்டி இடிக்காம கும்பிட்டுட்டா போகும்?"

யூஜின் கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டார். சுண்ணாம்பு நிறம் போய் முகத்தில் ரத்தம் ஏறியது.

"எடம் வளைக்கிறதப் பத்தி யாரு பேசுறதுன்னு பாரு! மொஃபெட் வீட்டுப் பொண்ணு! நானூறு வருசத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்து எறங்கி, எங்க மலையடிவாரம் மொத்தத்தையும் சுருட்டுன புராட்டஸ்டண்டு கூட்டம். எங்கப்பன் திருப்பிப் பிடிச்சது ஒரு முழம்டி, ஒரே ஒரு முழம்."

"அந்த ஒரு முழத்துலயும் மதிலைக் கோணலாத்தானே கட்டினாரு" என்று மேசையின் மறுகோடியிலிருந்து ஒரு புராட்டஸ்டண்டு கிழவர் எடுத்துக் கொடுத்தார்.

அவ்வளவுதான். இசபெல் முதலில் சிரித்தாள், வாயில் இருந்த ரொட்டி புரையேறி இரண்டு பக்கத்தாரும் அவள் முதுகில் தட்டினார்கள். யார் அப்பன் எவ்வளவு வளைத்தான் என்று ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். ஒருவர் எழுந்த வேகத்தில் வாளியைத் தட்டிவிட்டார், தண்ணீர் மேசைக்கடியில் ஓடியது, அதற்கும் நானூறு வருஷத்துக் கணக்கில் யார்மேலோ பழி போட்டார்கள்.

வின்னி அறிக்கையில் 'கொடுக்கலாம்' என்று எழுதி, பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். எழுந்து, தலைமாட்டு நாற்காலியைத் தரையில் கிறீச்சென்று இழுத்துக்கொண்டு, ஒழுகும் பக்கமாக யூஜினின் அருகில் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு யூஜின், ராய் வேற என்னெல்லாம் இடிச்சான்?"