சலரோகமும் சக்கரை வியாதியும்

இந்த ஊர்க் கடையில் "சீனி தாருங்கோ" என்றால், கடைக்காரர் "ஜீனியாங்க?" என்று திருத்திவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவார். கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து திருவண்ணாமலைக்கு வந்த புதிதில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இரண்டும் தமிழ்தானே, என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். வியாதி வந்தபோதுதான் தெரிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. ஓயாமல் கொல்லைக்குப் போய்வந்தேன். இடுப்பில் சேலை நிற்காத அளவுக்கு மெலிந்தேன். ஊரில் என் தகப்பனார் அப்புவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. நாட்டு வைத்தியரான பரியாரியார் சலரோகம் என்று சொல்லிக் கசாயம் கொடுத்தார். பிறகு அப்புவின் கால்விரலில் கல் தடக்கிப் புண் வந்தது. அது ஆறவேயில்லை. காலை எடுத்தார்கள், சில மாதங்களில் அப்புவும் போய்விட்டார். அந்தப் பயத்தோடுதான் தெருக்கோடி டாக்டரிடம் போனேன். அவர் வெளியே போயிருந்தார். கம்பவுண்டர் விசாரித்தார்.

"எனக்குச் சலரோகமோ எண்டு பயமாக் கிடக்கு," என்றேன்.

"சளியாங்க? ரொம்ப ஜாஸ்தியா?" என்று கேட்டபடியே சிவப்பு மிக்ஸ்சரைப் புட்டியில் ஊற்றினார்.

எங்கள் ஊரில் சலம் என்றால் சிறுநீர். அதை இங்கே வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் ஓர் ஆணிடம் விளக்க வெட்கம். இந்த ஊரில் இதுதான் மருந்தாக்கும் என்று வாங்கிவந்து குடித்தேன். நல்ல தித்திப்பு.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவள். ஒரு காலை பாலோடு வந்தவள், எங்கள் கொல்லையில் நான் போய்வரும் இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாங்க இது? எங்க மாமனாருக்கு இருந்த மாதிரியே கீதே. சக்கரை வியாதிங்க! சளி மருந்து குடிச்சா எப்படிப் போவும்?" என்று கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

அவர் ஒரு நீலக் கரைசலில் என் சிறுநீரை விட்டுக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. அன்றே இன்சுலின் தொடங்கியது. தினமும் காலையில் கம்பவுண்டர்தான் ஊசி போட்டார். பழைய மிக்ஸ்சரை நினைத்தோ என்னவோ, வெகு பதமாகப் போட்டார். "நல்லா நடங்கம்மா," என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

"நடக்கணும்னா மலைய சுத்துங்க. புண்ணியத்துக்கும் ஆச்சு," என்றாள் கன்னியம்மா.

சாமி காரியமென்று, ஊசி போட்டுக்கொண்டு எதுவும் சாப்பிடாமல் தெருப் பெண்களோடு கிளம்பினேன். பாதி மலை சுற்றுவதற்குள் வேர்த்துக் கொட்டியது. கை கால் வெடவெடத்தது. என் ஊர்ப் பேச்சில் ஏதோ உளறினேனாம்.

"சாமி வந்துட்ச்சு!" என்று நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். "ஆத்தா, எம் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆவும்?" என்று ஒருத்தி கேட்டாளாம். என்ன வாக்குச் சொன்னேனோ! வழியில் யாரோ வேண்டுதலுக்காகப் பானகம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சாமிக்குத் தாகமென்று அதை எனக்குப் புகட்டினார்கள். அந்த வெல்லத் தண்ணீரில்தான் பிழைத்தேன்.

நடந்ததைக் கேட்டு டாக்டர் சிரிக்கவில்லை. "உயிர் தப்பினதே பெரிசும்மா. சக்கரை ஒரு நேரம் ஏறுது, ஒரு நேரம் ஒரேயடியா இறங்கிடுது. அளவு பாத்து மருந்து குடுக்க இங்க வசதி கம்மி. வேலூர்ல இதுக்குன்னே ஒரு டாக்டர் இருக்காரு. எழுதித் தர்றேன், போங்க," என்றார்.

என் கணவர் லீவு போட்டு ரயிலில் கூட்டிப்போனார். பெரிய ஆஸ்பத்திரி, வார்டில் வைத்து வேளைக்கு வேளை இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கடைசி நாள் பெரிய டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"காலை எடுக்க வேணுமோ, டொக்டர்?"

அவர் நிமிரவில்லை. "காலை கண்டிப்பா எடுக்கணும்மா. மாலை பாத்துக்கலாம்."

நான் விம்மி அழத் தொடங்கினேன். டாக்டர் திகைத்துப்போனார். என் கணவருக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. "ஏய், அவரு ஊசியச் சொல்றாரு! காலைல எடுத்துக்கற ஊசி!" என்றார், பிறகு அப்புவின் கதையை டாக்டரிடம் சொன்னார்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு, என் பாதத்தைக் கையில் ஏந்தி விரலிடுக்கெல்லாம் பார்த்தார். "இந்தக் காலுக்கு ஒண்ணும் ஆகல. தெனம் நீங்களே இப்படிப் பாருங்க. சாப்பிட்டுட்டு நடங்க, முந்தானைல கொஞ்சம் வெல்லம் முடிஞ்சுக்குங்க. மாசாமாசம் உங்க டாக்டரே போதும். வருஷத்துக்கு ஒருதரம் கண்ணையும் காலையும் காட்ட இங்க வாங்க," என்றார். அப்புவின் காலை யாரும் அப்படிக் கையிலெடுத்துப் பார்த்ததில்லை.

ஆண்டுகள் ஓடிவிட்டன. நானே ஊசி போட்டுக்கொள்கிறேன். மலையையும் சுற்றுகிறேன். போன மாதம் என் தம்பி கப்பலேறி வந்தபோது ஒடியல் மா கொண்டுவந்தான். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த அந்த மாவில் கூழ் காய்ச்ச ஆசை. மா கொஞ்சம்தான் இருந்தது, அதனால் கேழ்வரகு மாவும் சேர்த்து, மீனும் புளியும் போட்டுக் காய்ச்சினேன். எனக்கு டாக்டர் சொன்ன அளவு ஒரு கிண்ணம். மிச்சத்தைக் கன்னியம்மாவுக்கு ஊற்றினேன்.

அவள் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது. ஆனா இது உங்க ஊருக் கூழா, எங்க ஊருக் கூழா?"

"ஆறிடப் போவுது, குடியுங்கோ," என்றேன்.